ரைலியும் ரொட்டி வேனும்

அமல்தாஸ் மலாய் நாட்டு மலைத்தோட்டம் ஒன்றில் டிரஸ்ஸர். காய்ச்சலுக்கு மருந்து கலக்குவதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் சம்பளத்துக்கான வேலை. மனசுக்கான வேலை மோட்டார் வண்டி. துரைமார்கள் இனி ஆகாது என்று ஒதுக்கிய வண்டியை வாங்கி, டிஸ்பென்சரிக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் பிரித்துப் போட்டு, வருஷக்கணக்கில் உட்கார்ந்து ஓட வைப்பார். அது ஓட ஆரம்பித்ததும் அவருக்கு அதன் மேலிருந்த பிரியம் பாதி குறைந்துவிடும். யாருக்காவது கொடுத்துவிட்டு அடுத்ததைத் தேடுவார்.

"உங்களுக்கு வண்டி வேணாம், வண்டியோட சீக்குதான் வேணும்" என்பாள் அவர் மனைவி டோரீன்.

கடைசியாக அவர் ஓட வைத்தது ஓர் ஆஸ்டின். பெயின்ட் காய்வதற்குள் ஜப்பான்காரன் மலையேறி வந்துவிட்டான். ஓர் அதிகாரி வந்து சாவியைக் கேட்டான், கொடுத்தார். பிரிஞ்சாங் ஊருக்குப் போகிற வளைவில் வண்டி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். பாவி, இரண்டாவது கியரிலேயே ஓட்டுகிறானே என்பதுதான் அப்போது அவருக்கு வருத்தம். அதன் பிறகு கொட்டகை காலியாகவே கிடந்தது.

துரைகள் போன பிறகு தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள நகாத்தா என்ற ஜப்பானியர் வந்தார். பட்டாளத்துக்காரர் இல்லை. தேயிலை தெரிந்தவர், ஆனால் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நடச் சொல்லும் வேலைதான் அவருக்கு வாய்த்தது. நாற்பத்து நாலாம் வருஷம் பழைய இரும்பையெல்லாம் திரட்டி அனுப்பும்படி கீழேயிருந்து உத்தரவு வந்தது. தொழிற்சாலைக்குப் பின்னால் மூன்று வண்டிகள் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. நகாத்தா டிரஸ்ஸரை அங்கே கூட்டிக்கொண்டு போய், உடைந்த மலாயில் விஷயத்தைச் சொன்னார். திங்கட்கிழமை லோரி வரும். மூன்றில் ஒன்றை நீ வைத்துக்கொள். ஓட வைத்ததும் என்னிடம் காட்டு. மற்ற இரண்டும் இரும்பு.

முதல் வண்டி ஒரு ஃபோர்டு லோரி. துரைகள் போகிற போக்கில் கொளுத்திவிட்டுப் போனது. எஞ்சின் சூட்டில் வெடித்துப் பிளந்திருந்தது. பிளவைப் பற்றவைத்து ஒட்ட மலை மேல் ஆளும் இல்லை, சாமானும் இல்லை.

இரண்டாவது, சின்னத்துரையின் ரைலி கார். கரும்பச்சை நிறம், முன்னால் நீண்ட மூக்கு. பின்சக்கரம் இரண்டும் இல்லை, உள்ளே எலி குடும்பம் நடத்தியது. மற்றபடி உடம்பில் பழுதில்லை. அமல்தாஸ் மூடியைத் திறந்து பார்த்தார். சண்டைக்கு முன்னால் பங்களா வாசலில் அது நிற்கும்போதெல்லாம், குழந்தைக்குப் பேதி என்று யாராவது கூப்பிட்டாலும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் போவார். அதை வாங்குகிற வாய்ப்பு தன் ஆயுசில் வராது என்றிருந்தார். இப்போது விரலை நீட்டினால் அவருடையது.

மூன்றாவது, பிரிஞ்சாங் கடைக்காரர் பங்களாக்களுக்கு ரொட்டி கொண்டுவந்த மோரிஸ் வேன். பெட்டி மாதிரி உடம்பு, ஒரு பக்கக் கதவு இல்லை, கூரையில் பாசி. அதை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் பழனியப்பன் கங்காணி டிஸ்பென்சரிக்கு வந்தார். அவர் மகள் அம்மாக்கண்ணு எட்டு மாதக் கர்ப்பிணி. அவள் புருஷன் இருளப்பனைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் கால் வீக்கம் வடியவே இல்லை.

"எந்த வண்டி ஐயா எடுக்கப் போறீங்க?"

"இன்னும் முடிவு பண்ணல கங்காணி."

"ஆள் படுக்கிற மாதிரி ஒண்ணு எடுங்கலா. சீதாவுக்கு ஆன மாதிரி ஆயிடக் கூடாது."

போன வருஷம் பிள்ளைப்பேறு சிக்கலாகி, தோட்டத்துப் பெண் சீதாவை நாற்காலியில் வைத்து மூங்கில் கட்டித் தூக்கிக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். அமல்தாசும் மருந்துப் பையோடு கூடவே நடந்தார். பிரிஞ்சாங் தாண்டுவதற்குள் அவள் மூச்சு நின்று, அவர் செய்வதற்கு எதுவும் இல்லாமல் போய்விட்டது.

வீட்டில் டோரீனிடம் ரைலியைப் பற்றிப் பேசினார். சக்கரத்துக்கு என்ன செய்யலாம், பெட்ரோல் கிடைக்காததால் கரி அடுப்பை எங்கே பொருத்தலாம் என்று விவரமாகச் சொன்னார். அவள் மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஓட வச்சிருவீங்க. அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஓடின மறுநாள் அது யாருக்கு? ஆஸ்டின் மாதிரி அதையும் ஜப்பான்காரன் கொண்டு போயிருவான்."

"ஒண்ணு ரெண்டு சாமான மாட்டாமலே வச்சிருந்தா?"

"ஓடாத கார் எதுக்குங்க? நீங்க தடவிப் பாக்கவா?"

கொஞ்சநேரம் உண்மையாகவே அதையும் யோசித்தார். அப்படி ஒரு வண்டியைச் சண்டை முடிகிறவரை பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தால் அவருக்கு ஒரு குறையும் இருக்காது. அதுதான் அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மறுநாள் நகாத்தாவிடம் போய் ரொட்டி வேன் என்றார். நகாத்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ரைலியைக் காட்டி, "இது நல்ல வண்டி" என்றார்.

"நல்லதுதான், துவான்" என்றார் அமல்தாஸ்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் ரைலியிலிருந்து வேனுக்கு வேண்டிய பிளக், காயில், டைனமோ, ஒயர் எல்லாவற்றையும் கழற்றினார். கை பழகிய வேலை. ஆனாலும் எல்லா மரையாணிகளையும் கழற்றிய இடத்திலேயே திரும்ப முடுக்கி வைத்தார். உருக்கப் போகிற இரும்புக்கு அது எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. லோரி வந்து ரைலியைச் சங்கிலி போட்டு இழுத்தபோது டிஸ்பென்சரியில் ஒரு பையனுக்குக் காதில் சீழ் எடுத்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

வேனுக்கு எண்ணெய்ப் பீப்பாயை வெட்டிக் கரி அடுப்பு செய்து பின்பக்கம் பொருத்தினார். கரி எரிந்து வரும் புகையைத் துணியிலும் தேங்காய் நாரிலும் வடிகட்டிக் குழாய் வழியாக எஞ்சினுக்கு விட்டார். பல நாள் இருமிவிட்டு ஒரு காலையில் வேன் ஓடியது.

நகாத்தா பார்க்க வந்தார். பக்கத்தில் ஏறி உட்கார்ந்து மேட்டைக் காட்டினார். வண்டியின் ஸ்டீயரிங்கில் தீப்பொறியை முந்தவும் பிந்தவும் செய்கிற சின்னக் கைப்பிடி ஒன்று இருந்தது; பொறி பிந்தினால் எஞ்சினுக்கு இழுவை போய்விடும். அமல்தாஸ் அதை ஒரே தள்ளாகப் பின்னுக்குத் தள்ளினார். வேன் பாதி மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. நகாத்தா இறங்கினார். திரும்ப ஏறினார், இன்னொரு முறை நின்றது. புகை அவருடைய வெள்ளைச் சட்டையைக் கறுப்பாக்கியது. கடைசியில் அவர் நடந்தே மேலே போய்ச் சேர்ந்து, வேன் வருவதற்காகக் காத்து நின்றார்.

"சீக்காளிகளை ஏற்று" என்றார். "வேறு யாரும் இதைக் கேட்க மாட்டார்கள்."

அவர் அந்தக் கைப்பிடியைக் கவனித்தாரா இல்லையா என்பது அமல்தாசுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அம்மாக்கண்ணுக்குக் கை கால் இழுப்பு வந்தது. வேனுக்குள் பாயை விரித்துப் படுக்க வைத்தார்கள். டோரீன் அவள் தலையை மடியில் பிடித்துக்கொண்டாள். கதவில்லாத பக்கத்தில் பழனியப்பன் குறுக்கே கையை நீட்டி உட்கார்ந்தார். கைப்பிடியை முன்னுக்குத் தள்ளி வைத்து, வேன் தாங்கிய அளவுக்கு விரட்டினார் அமல்தாஸ். சின்ன மேட்டில்கூட இரண்டு முறை அடுப்பைக் கிளற நிறுத்த வேண்டியிருந்தது. தானா ராத்தாவில் டாக்டர் அவளை உள்ளே எடுத்துக்கொண்டார். மத்தியானம் வெளியே வந்து, தாய் பிழைத்துவிடுவாள், குழந்தை தங்கவில்லை என்றார்.

டோரீன் துணைக்கு ஆஸ்பத்திரியிலேயே தங்கினாள். ஆண்கள் இருவரும் திரும்பினார்கள். பிரிஞ்சாங்குக்கு மேலே வேன் நின்றது. ஓரமாக இறங்கிச் சாம்பலைத் தட்டினார்கள். பழனியப்பன் சாம்பலைக் காலால் ஓரம் தள்ளினார். பிறகு கேட்டார்.

"அந்தப் பச்சை வண்டியா இருந்தா இன்னும் சீக்கிரம் போயிருக்குமா ஐயா?"

அமல்தாஸ் கைக்கரியைப் புல்லில் துடைத்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"போயிருக்கும் கங்காணி" என்றார். "ஆனா, இன்னிக்கு அது நம்மகிட்ட இருந்திருக்காது."

பழனியப்பன் தலையை ஆட்டினார். கரி மூட்டையை அவிழ்த்து, "எவ்வளவு போடணும், சொல்லுங்க" என்றார்.