நடுப்படம்

வேதநாயகம் அந்தத் தாளை அறைக்குள் கொண்டுபோனபோது சாலோமி விழித்திருந்தாளா, அவர் காலடி கேட்டு விழித்தாளா என்பது எனக்கு நிச்சயமில்லை. அவர் ஒருவிதமாகவும் மகள் டார்லின் வேறுவிதமாகவும் சொல்கிறார்கள். பிரிண்டர் தாளின் ஓரத்து ஓட்டைப் பட்டையைக்கூடக் கிழிக்காமல் கொண்டுபோனார் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே நினைவு.

"ஏட்டி, பாரு. கடைசிப் பக்கமும் வந்துட்டு."

கல்லூரியில் புவியியல் கற்பித்தவள் சாலோமி. தாமிரபரணி வெள்ளம் பற்றியது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கை ஓய்ந்தபின் ஆய்வேட்டைக் கணவர்தான் அடித்தார். நீதிமன்றத்தில் தட்டச்சர். கட்டளைகளை எழுதிக் கொடுத்தால் பக்கத்தைத் தானே அடுக்கித் தரும் லேடெக்கை அவளிடமே கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தார். முடிந்த ஏட்டை அவள் கையில் ஒருமுறை கொடுத்துவிட வேண்டும். அவர் மனதில் அதுதான் இருந்தது.

தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று வரைபடங்கள். ஆறு இறங்கும் வரிசையில் பாபநாசம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம். மூன்று இடங்களிலும் அதே நாட்களில் ஆற்றுநீர் ஏறி இறங்கிய கோடுகள்.

"நடுவுல உள்ளது மட்டும் வலப்பக்கம் தள்ளி நிக்குது" என்றாள்.

"மூணையும் ஒரே ஓரத்துலதான அடுக்குனேன்."

"எழுத்தோட ஓரத்த வச்சு அடுக்கியிருக்கீங்க. நடுப்படத்துக்கு இடப்பக்கத்து நம்பர் நீளம். அது படத்தத் தள்ளிட்டு. மூணுக்கும் நம்பருக்கு ஒரே அகலத்துல எடம் விடுங்க. அப்பதான் தேதிக்கு நேரா தேதி வரும்."

அவர் போய்த் திருத்தினார். பிரிண்டர் கரகரத்து ஓய்ந்தது. புதிய தாளை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

சாலோமியின் கண் மூன்று கோடுகளிலும் மேலும் கீழுமாகப் போய்வந்தது. கட்டில் காலருகே டார்லின் உட்கார்ந்திருந்தாள். வேதநாயகத்துக்குக் கை வலித்தது. இறக்கவில்லை.

"இங்கன பாருங்க."

அவள் விரல் நடுப்படத்தில் நின்றது. சேரன்மகாதேவியில் பெரிய உச்சத்துக்கு முன்பு சின்னதாக ஒரு மேடு. அதற்கு நேர்மேலே பாபநாசத்துக் கோடு இன்னும் படுத்தே கிடந்தது. முந்தைய தாளில் படம் தள்ளி நின்றதால் அந்த மேடு பாபநாசத்தில் நீர் ஏறிய பிறகு வந்ததுபோல் இருந்தது.

"மேல ஏறுமுன்னாலயே கீழ ஏறியிருக்கு. அப்ப இது நடுவுல வந்து சேருத மணிமுத்தாத்துத் தண்ணி."

"அதனால என்ன?"

"மொத்த வெள்ளமும் பாபநாசத்து வழியாத்தான் வந்ததுன்னு நாலாவது அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கேன். அது தப்பு."

அவர் தாளைத் தாழ்த்தினார். நாலாவது அத்தியாயத்தை மாற்றி எழுத அவளுக்கு இனி நாள் இல்லை என்பது அந்த அறையில் மூவருக்கும் தெரியும்.

"பழையபடி கொஞ்சம் தள்ளியே வச்சிருதேன். யாரு பாக்கப் போறா?"

"கோர்ட்டுலயும் இப்பிடித்தான் டைப் அடிக்கீங்களோ?"

டார்லின் சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டாள். சாலோமியின் முகத்தில், பல வாரங்களாக இல்லாத ஒரு சுறுசுறுப்பு.

"நேராவே இருக்கட்டும்" என்றாள். "கொஞ்சம் கிட்டப் பிடிங்க. இன்னும் பாக்கணும்."

அன்று சாயங்காலம், டார்லின் கஞ்சித் தண்ணீர் ஆற்றிக்கொண்டிருக்கையில், சாலோமி இறந்துபோனாள்.

மறுநாள் அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தின் வாசலில் பூதலிங்கம் சார் காத்திருந்தார். சாலோமியின் ஆய்வுக்கு வழிகாட்டி. வேதநாயகம் படத்தைப் பற்றிச் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

"முந்துன பிரதியவே குடுத்துருவோம். ஒரு படம் கொஞ்சம் வெலகுனதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நான் நின்னு பட்டம் வாங்கிக் குடுக்கேன். கல்லறையில டாக்டர் சாலோமின்னு போடலாம்லா."

வேதநாயகத்தின் விரல்களில் ஈரமண் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமல் நின்றார். உள்ளே குழியை மூடும் மண்வெட்டிச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. டார்லின் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் சார்" என்றார். "அவ நேரா இருக்கட்டும்னு சொல்லிட்டா."

பூதலிங்கம் சார் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

ஆய்வேடு கொடுக்கப்படவில்லை. கல்லறையில் பேர் மட்டும் இருக்கிறது. பூதலிங்கம் ஓய்வுபெற்றுத் திசையன்விளைக்குப் போய்விட்டார். டார்லின் வள்ளியூரில் ஆசிரியை. வேதநாயகம் புவியியல் பாடப்புத்தகங்களை முதலிலிருந்து வாங்கிப் படிக்கிறார். மாற்றி எழுதும் நாலாவது அத்தியாயத்தில் பாதி வந்துவிட்டது என்கிறார்.