நூற்றுக்கு இருபது

அன்று சாயங்காலம் இனியவன் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து பொலபொலவென்று வழிந்தது. புறங்கையால் துடைத்துவிட்டு அக்காவைப் பார்த்தான்.

"அழுவுறேன்னு முடிவு கட்டிடாதக்கா. வேற காரணமும் இருக்கலாம்."

வானதி சிரித்துவிட்டாள். தன் வியாதியைத் தானே கேலி செய்யும் அளவுக்குத் தம்பி தேறிவிட்டான் என்று அவளுக்கு ஒரு நிம்மதி. அதன் பிறகு அவன் ஒரு மணி நேரம்தான் இருந்தான்.

மன்னார்குடிக்குத் தெற்கே அவர்கள் ஊர். அப்பா காலத்தில்தான் சொந்தமாக நாலு மா நிலம் வந்தது. அதுவரை அடுத்தவர் சேற்றில் இறங்கிய குடும்பம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின், பள்ளிக்கூட டீச்சரான வானதிதான் வீடு. பாலிடெக்னிக்கில் படிக்கும்போது இனியவனுக்கு மனச்சிதைவு வந்தது. தரைக்கு அடியில் யாரோ கரண்ட் விடுகிறார்கள் என்று ராவும் பகலும் கட்டிலை விட்டுக் காலை இறக்க மாட்டான். அந்த யாரோ, பக்கத்து வயல்காரர், அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி ரெத்தினம் என்று ஒருநாள் அவனுக்கு உறுதியாகிவிட்டது. மண்வெட்டியை எடுத்துப் போய் அவருடைய மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டியை உடைத்தான்.

ஊர் கூடியது. ரெத்தினம் பெருந்தன்மையாகப் பேசினார். போலீசுக்குப் போகவில்லை, நம்ம பிள்ளைதானே என்றார். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். இனிமேல் அவன் வாயிலிருந்து கரண்ட் என்ற சொல் தன் பெயரோடு சேர்ந்து வந்தால், அன்றைக்கே வண்டி வைத்து ஏதாவது காப்பகத்தில் கொண்டு தள்ளிவிட வேண்டும். ஊர் சரியென்றது. எழுதி வைத்த தாளில் வானதியும் கையெழுத்துப் போட்டாள். தம்பி தன் வீட்டில், தன் கட்டிலில் படுப்பது அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையோடு சேர்த்து, புதன்கிழமைதோறும் எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்து ஒரு பயிற்சியும் நடந்தது. தன் நினைப்பைத் தானே தள்ளி நின்று சோதித்துப் பார்க்கிற பயிற்சி. ஷமா என்ற சின்ன வயசுப் பெண் நடத்தினாள். ஒரு படத்தின் மூலையை மட்டும் காட்டி இது என்ன என்பாள். அவசரப்பட்டுச் சொன்னால் முழுப் படத்தையும் காட்டிச் சிரிப்பாள். எல்லாரும்தான் இப்படி ஏமாறுகிறோம், நானும்தான் என்பாள். ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுத்தாள். எனக்கு என்ன ஆதாரம் இருக்கிறது? வேறு விளக்கம் உண்டா? நூற்றுக்கு எத்தனை உறுதி?

இனியவன் அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். ஆறு மாதத்தில் காலைத் தரையில் ஊன்றி நடந்தான். நடவுக்குக்கூட இறங்கினான்.

ஷமா வானதியைத் தனியே கூப்பிட்டு ஒன்று சொல்லியிருந்தாள். "அட்டை அவர் கையிலதான் இருக்கணும். நீங்க வாங்கி அவரைக் கேள்வி கேக்க ஆரம்பிச்சிடாதீங்க. சில சமயம் அவர் சொல்றது நிசமாவும் இருக்கும்."

வானதி தலையாட்டினாள். ஆனால் பதினாலு வருஷம் வகுப்பில் நின்றவள். கேள்வி என்று ஒன்று கையில் கிடைத்தால் அவளுக்குக் கேட்கத்தான் தெரியும். அவனும் அவளிடம் மார்க் வாங்கப் படித்த பிள்ளை.

வெங்காயத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவன் மெதுவாகச் சொன்னான். சித்தப்பா வயலைச் சுற்றிக் கம்பி ஓடுகிறது. எலிக்காக. அதில் கரண்ட் விடுகிறார் என்று நினைக்கிறேன்.

வானதி எழுந்து போய் வாசற்கதவைச் சாத்தினாள்.

"எத்தனை?"

"தொண்ணூறு."

"ஆதாரம்?"

காலையில் வரப்பில் ஒரு கீரி விறைத்துக் கிடந்தது. அதற்குப் பத்தடி தள்ளி ஒரு கொக்கு. சாண் உயரத்துக்குக் குச்சி நட்டுக் கம்பி இழுத்திருக்கிறார், ஒரு முனை மோட்டார் கொட்டகைக்குப் போகிறது. ஒப்பிப்பதுபோல் வரிசையாகச் சொன்னான். குரல் பதறவில்லை. பழைய நாட்களில் இதைச் சொல்லும்போது அவனுக்கு உதடு கோணும். அன்று கோணவில்லை. அதை அவள் பார்த்தாள். பார்த்தும் விட்டுவிட்டாள்.

கீரி எலி மருந்து தின்ற எலியைத் தின்றிருக்கலாம் என்றாள். கொக்கும் அப்படித்தான். குச்சி, எலி பிடிக்கிற மூங்கில் கிட்டியாக இருக்கலாம்.

"கிட்டிக்கு நூலுதானேக்கா கட்டுவாங்க?"

அவள் ரெத்தினத்துக்குப் போன் போட்டாள். அவனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். வயலில் எலிக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் சித்தப்பா என்று பொதுவாகத்தான் கேட்டாள். அந்தப் பக்கம் முதலில் ஒரு செருமல் கேட்டது. பிறகு சிரிப்பு வந்தது.

"கிட்டிதான் பாப்பா, இருபது கிட்டி. ஏன், தம்பி மறுபடியும் ஆரம்பிச்சிட்டானா? தஞ்சாவூர்ல ஏதோ அட்டை குடுத்துத் தேத்திட்டாங்கன்னியே. ஒரு மழைக்குத் தாங்கலயா?"

இல்லை சித்தப்பா, சும்மாதான் என்று வைத்தாள். அந்தப் பயத்தைத் தம்பி மேல் திருப்பினாள். இப்ப எத்தனை? அறுபது என்றான். ஸ்டார்ட்டர் பெட்டியை உடைத்த அன்றைக்கு எத்தனை என்று இருந்தாய்? நூறு என்றான். அது நிசமா? இல்லை. அப்ப இது? நாற்பது. உன்னைக் கொண்டுபோய்த் தள்ளினால் நான் யாருக்கு உலை வைப்பது? அது அட்டையில் இல்லாத கேள்வி. அதற்குத்தான் அவன் தலை குனிந்தான்.

"இருபது," என்றான். சட்டைப் பையிலிருந்த அட்டையைத் தொட்டபடி, "இருபதும் இருக்குல்லக்கா. சந்தேகம்னா இன்னும் கொஞ்சம் பார்த்துட்டு முடிவு பண்ணணும்னு ஷமா மேடம் சொல்லுவாங்க," என்றான்.

நாற்பத்திரண்டு விடைத்தாள் திருத்தாமல் கிடந்தது. சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அலுத்துப்போயிற்று.

"போ. போய்த் தொட்டுப் பாரு. ஒண்ணும் ஆகலேன்னா சைபர்னு சொல்லிட்டு வந்து சாப்பிடு."

அவன் வெங்காய வாசம் போகக் கையைக் கழுவிக்கொண்டான். துடைக்கவில்லை. ஈரக்கையோடு கொல்லைப்பக்கமாக இறங்கிப் போனான்.

ஆறே முக்காலுக்கு ரெத்தினமே ஆள் அனுப்பினார். அவள் ஓடிப் போனபோது தம்பியை வரப்பில் மல்லாத்திப் போட்டிருந்தார்கள். வலது உள்ளங்கையில் கோடு போட்டாற்போல ஒரு கறுப்பு. வயலைச் சுற்றிக் கம்பி இல்லை. குச்சியும் இல்லை. மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டி மட்டும் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"மறுபடியும் பொட்டியில கை வச்சிட்டான் பாப்பா," என்று ரெத்தினம் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்தச் சாவில் முதலில் அழுதவர் அவர்தான். பாடைக்குத் தோள் கொடுத்தவரும் அவர்தான்.

வரப்பு ஓரத்துச் சேற்றில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. குச்சி பிடுங்கிய குழிகள். போலீசில் வானதி அதைச் சொன்னாள். விசாரித்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். கம்பியை நீங்கள் பார்த்தீர்களா? இல்லை. யார் பார்த்தது? என் தம்பி. அவருக்கு என்ன வியாதி? அவள் ஃபைலைக் கொடுத்தாள். முதல் பக்கத்திலேயே, பக்கத்து வயல்காரர் கரண்ட் விடுவதாக நம்புகிறார் என்று எழுதியிருந்தது. அவர் அதை இரண்டு தரம் படித்தார்.

"குழி நண்டு வளையாவும் இருக்கலாமில்லைங்களா?" என்றார்.

பிரேதப் பரிசோதனையில் மின்சாரம் தாக்கி இறந்தான் என்று வந்தது. எந்த மின்சாரம் என்று அது சொல்லவில்லை. வழக்கு முடிந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் காதில் படும்படியே, இனிமேலாவது இவளுக்கு ஒரு விடிவு காலம் என்றார்கள்.

ஷமா போன் செய்தாள். சந்தேகம் வந்தால் போய்ப் பார் என்று நான் சொல்லிக் கொடுத்ததால்தானா என்று கேட்டாள். இல்லை, தொடச் சொன்னது நான் என்று சொல்ல வானதிக்கு ஒரு மூச்சு போதும். அவள் சொல்லவில்லை. "என்னத்தைச் சொல்றது," என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் அழுதுகொண்டே போனை வைத்தாள். அந்தப் பயிற்சியால்தான் போனான் என்ற பேச்சு தஞ்சாவூர் வரைக்கும் எட்டியது. மிச்சமிருந்த ஏழு பேரில் மூன்று பேரை அவர்கள் வீட்டார் நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டாள். அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

மறு வருஷம் ஐப்பசியில் நடவு முடிந்து பயிர் தூர் கட்டியது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காத்தாயி ஆடு ஓட்டிக்கொண்டு எதிரே வந்தாள். ரெத்தினம் வயல் வரப்பில் முழங்கால் உயரத்துக்குப் பசும்புல். காத்தாயி அதை விட்டுவிட்டுத் தார் ரோட்டைச் சுற்றிப் போனாள். ஏன் அந்தப் பக்கம் ஓட்டவில்லை என்று வானதி கேட்டாள்.

"அந்தப் பக்கம் யாரு டீச்சரம்மா ஓட்டுவா? மூணு வருஷமாச்சு. என்னோட ரெண்டு குட்டி போச்சுல்ல அந்தக் கம்பியில. ஊருக்கே தெரியுமே."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கோலைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தாள். ஆடுகளை அவள் விரட்டவில்லை. மதகு வந்ததும் அவை தாமாகவே ரோட்டுப் பக்கம் திரும்பின.