கால்டா ஆற்றில் பதினோரு நிமிடம்

இடைவேளை விடாதீர்கள் என்று என்னிடம் வந்து கேட்ட முதல் ஆள் ஆல்ஃப்ரூன்தான். இருபத்தாறு வருடமாக எங்கள் ஊர் மன்றத்தில் நான்தான் படம் ஓட்டுகிறேன். ஐஸ்லாந்தில் பாதியில் நிறுத்தினால்தான் அது படம். ஜனங்கள் வெளியே வருவார்கள், காப்பி குடிப்பார்கள், அதிமதுரம் போட்ட சாக்லேட் தின்பார்கள், அதுவரை பார்த்ததைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டு உள்ளே போவார்கள். இந்தப் பெண்ணோ டிக்கெட் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் நிறுத்தாமல் ஓட்டிவிடுங்கள், பதற்றம் அறுந்துபோகும் என்கிறாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"காப்பி போட்டாச்சு. மொத்தத்தையும் நீயே குடிப்பியா?" என்றேன்.

அவள் சிரித்தாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் இடைவேளை இல்லை, கெஸ்தூர்.

கெஸ்தூர் அவள் இயக்கிய முதல் படத்தின் தயாரிப்பாளர். ரெய்க்யாவிக்கிலிருந்து ஒரு கட்டுத் தாளோடு காலையிலேயே வந்து இறங்கியிருந்தார். படம் இன்னும் வெளியாகவில்லை. எங்கள் ஊர் ஜனம் பார்த்துவிட்டுத் தாளில் கருத்து எழுத வேண்டும். அதில் நான்காவது கேள்விதான் கழுத்துக்கு வைத்த கத்தி: எந்தக் காட்சி மிக நீளம்? படத்தின் பின்பாதியில் ஒரு தாய் ஆற்றுக்குள் இறங்கித் தன் மகளை மீட்கும் காட்சி பதினோரு நிமிடம் ஓடுகிறது. காமிரா ஜீப்பின் பின் இருக்கையில், குழந்தை உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே இருக்கிறது. தாயின் வாய் அசைகிறது, தண்ணீர் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்பதில்லை. ஒலி கெட்டுப்போய்விட்டது என்று ஜனம் நினைக்கும், மூன்று நிமிடமாக வெட்டிப் பின்னணி இசை போடு என்கிறார் கெஸ்தூர். வெட்டினால் படமே செத்துப்போகும் என்கிறாள் ஆல்ஃப்ரூன். கடைசியில் ஊர் சொல்லட்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் குழந்தை அவள்தான் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்திரண்டு வருடம் முன்னால், ஜூன் மாதப் பனி உருகி ஆறு பெருகிக் கிடந்தபோது, அவள் அம்மா ரான்வெய்க் ஜீப்பை நிறுத்திவிட்டு, ஆழம் பார்க்க ஆற்றில் இறங்கினாள். எங்கள் பக்கம் யாரும் அப்படித்தான் செய்வார்கள். கரை சரிந்து ஜீப் குழந்தையோடு தண்ணீருக்குள் போய்விட்டது. அப்பா கடலில் இருந்தார். ரான்வெய்க் தனியாகவே மகளைத் தூக்கிக்கொண்டு கரையேறினாள். எப்படி என்று ஒருவரிடமும் சொன்னதில்லை, பெற்ற மகளிடம்கூட. அம்மாவின் வாய் அசைந்தது மட்டும்தான் மகளுக்கு ஞாபகம். என்ன சொன்னாள் என்பது தெரியாது. கேட்டால் ரான்வெய்க் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாளாம்.

இப்போது ரான்வெய்க் எங்கள் ஊர் மீட்புப் படையின் தலைவி. அன்றைக்குப் படம் பார்க்க வரவில்லை. படை நிலையத்தில் இன்றைக்குத் தன் முறை என்று சொல்லியனுப்பினாள். யாரும் நம்பவில்லை, முகத்துக்கு நேரே சொல்லவும் இல்லை.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குப் படம் தொடங்கியது. அறுபத்திரண்டு பேர். கடை வாசலில் சாவியோடு விட்டுப்போன ஜீப்பை ஒரு திருடன் ஓட்டிக்கொண்டு போகிறான், பின்னால் குழந்தை தூங்குகிறது, தாய் பக்கத்து வீட்டு வண்டியில் துரத்துகிறாள். படத்தில் வரும் ஆறும் எங்கள் கால்டாதான், ரான்வெய்க் இறங்கிய அதே மேல் கடவுதான், வண்டிகள் ஆற்றைக் கடக்கிற ஆழமில்லாத இடம். திருடன் ஆற்றில் வண்டியை விட்டுவிட்டு ஓடுகிறான். ஜீப் சாய்கிறது. தாய் கரையில் வந்து நிற்கிறாள். ஒரு காலைத் தண்ணீரில் வைக்கிறாள்.

அங்கே நிறுத்தினேன். நான் இடம் பார்த்து நிறுத்தவில்லை, மணி பார்த்து நிறுத்தினேன். இருட்டுக்குள்ளிருந்து ஆல்ஃப்ரூன் முனகியது எனக்குக் கேட்டது.

கூடத்தில் காப்பி ஆறுவதற்குள் சண்டை ஆரம்பமாகிவிட்டது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது மீட்புப் படையில் இருப்பார். அவர்களிடம் இந்த மாதிரிப் படத்தைக் காட்டினால் வேறு என்ன நடக்கும்? திருடன் வெளியூர்க்காரன்தான் என்றார்கள், அதில் கருத்து வேறுபாடே இல்லை. டயரில் காற்றைக் குறைக்காமல் எவன் அந்தக் கடவில் இறங்குவான் என்று ஒருவர் கேட்டார். கயிறு இல்லாமல் தண்ணீரில் கால் வைத்தவளைத் தாய் என்று சொல்ல மாட்டேன், முட்டாள் என்றுதான் சொல்வேன் என்றாள் மருந்துக்கடைக்காரி. நீரோட்டத்தோடு குறுக்காகப் போக வேண்டும், இல்லை மேலே போய் இறங்க வேண்டும் என்று இரண்டு கட்சி ஆகிவிட்டது. ஒருவர் என் மேசைமேல் சோளப்பொரியைக் கொட்டி ஆறு வரைந்தார், சாக்லேட்டை ஜீப்பாக வைத்தார். அதை யாரோ எடுத்துத் தின்றுவிட, அதற்கு வேறு ஒரு சண்டை.

கெஸ்தூர் மூலையில் நின்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தார். பிறகு ஆல்ஃப்ரூனிடம் போய், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், ஆனாலும் எனக்குக் கேட்டது.

"பாத்தியா? ஒருத்தருக்காவது கண்ணு கலங்கலியே. டயரப் பத்திப் பேசிக்கிட்டு நிக்கிறாங்க. இந்த லட்சணத்துல பதினோரு நிமிஷமா?"

அவள் முகம் விழுந்துவிட்டது. டயரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால் மனதளவில் அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஆற்றில் இறங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். அது பட்டணத்து ஆளுக்கு எங்கே புரியப்போகிறது!

அந்த நேரத்தில்தான் பால்மி அந்தக் காரியத்தைச் செய்தான். பால்மி பால் லாரி ஓட்டுபவன், நல்லவன், யோசிப்பதற்கு முன்னால் பேசிவிடுபவன். சண்டையைத் தீர்க்க ஒரே ஆள்தான் உண்டு என்று சொல்லி, அத்தனை கூச்சலுக்கு நடுவே கைபேசியில் ரான்வெய்க்கைக் கூப்பிட்டான்.

"ரான்வெய்க், கால்டா மேல் கடவுல ஜீப் ஒண்ணு சாஞ்சு கெடக்கு. பின் சீட்டுல ஆறு வயசுப் பொண்ணு. அம்மாக்காரி தனியா தண்ணில கால வச்சுட்டா. முதல்ல என்ன செய்யணும், நீயே சொல்லு."

காதில் கைபேசியை அழுத்தி அரை நொடி கேட்டான். பிறகு எங்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தான்.

"அவள அங்கயே நிக்கச் சொல்லுன்னா. தானே வர்றாளாம்."

அதாவது மன்றத்துக்கு வந்து சண்டையைத் தீர்த்துவைக்கப் போகிறாள் என்று அவன் நினைத்தான். நாங்களும் அப்படியே நினைத்தோம். ஒரு நிமிடம் கழித்துக் கூடத்திலிருந்த முப்பது கைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின.

அது மீட்புப் படையின் அவசர அழைப்பு, அந்தச் சத்தம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கூடம் கப்பென்று அடங்கியது. காப்பிக் கோப்பைகள் கைக்குக் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தன. மருந்துக்கடைக்காரி அதற்குள் கார் சாவியோடு வாசலில் நின்றாள். கயிறு இல்லாதவளை முட்டாள் என்று சொன்னவள்தான் முதலில் ஓடினாள். நான் என் கைபேசியை எடுத்து ரான்வெய்க் அனுப்பிய செய்தியைப் படித்தேன்: கால்டா மேல் கடவு, ஜீப் ஆற்றில், குழந்தை உள்ளே, தாய் தனியாக.

என் தோளுக்குப் பின்னால் நின்று ஆல்ஃப்ரூனும் படித்தாள்.

"அது என் படம்," என்றாள் மெதுவாக.

மலைப்பக்கம் போகிற சாலை மன்றத்தின் வாசலைத் தொட்டுத்தான் போகிறது. அதற்குள் மீட்புப் படையின் பெரிய வண்டி விளக்கு சுழல வந்துகொண்டிருந்தது. ஆல்ஃப்ரூன் படியிறங்கி ஓடிச் சாலை நடுவில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். வண்டி முனகிக்கொண்டே வந்து அவளுக்குப் பத்தடி முன்னால் நின்றது. கதவு திறந்தது. கழுத்துவரை மூடிய சிவப்பு நீர்ப்புகா உடையில், தோளில் கயிற்றுச் சுருளோடு ரான்வெய்க் குதித்தாள். அறுபத்து மூன்று வயது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"வழிய விடு. குழந்த எங்க?" என்றாள்.

"இங்க இருக்கேம்மா," என்றாள் ஆல்ஃப்ரூன்.

வாசலில் அறுபது பேர் நின்றோம். ரான்வெய்க் மகளை ஏற இறங்கப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், கதவில் ஒட்டியிருந்த பட விளம்பரத்தைப் பார்த்தாள். பால்மி மருந்துக்கடைக்காரியின் முதுகுக்குப் பின்னால் பதுங்கப் பார்த்தான், அவன் உயரத்துக்கு அது நடக்கவில்லை. திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தோம். ரான்வெய்க் தோளிலிருந்த வாக்கி-டாக்கிப் பொத்தானை அழுத்தி, எல்லோரையும் திரும்பச் சொன்னாள்.

"குழந்த கெடச்சாச்சு. நல்லாருக்கா."

பிறகு என் பக்கம் திரும்பி, உள்ளே இடம் இருக்கிறதா என்று கேட்டாள்.

பின்பாதியை அவள் அந்த உடையோடுதான் பார்த்தாள், கூட வந்த இரண்டு பேரும் அப்படியே. கயிறு மடியில் கிடந்தது. நான் படத்தைப் பார்க்கவில்லை, ஓட்டும் அறைச் சன்னல் வழியாக ஜனங்களைத்தான் பார்த்தேன். தாய் ஆற்றில் இறங்கினாள். சன்னலைத் திறந்தாள், குழந்தையின் பெல்ட்டைக் கழற்றினாள், விழுந்தாள், எழுந்தாள். வாய் அசைந்தது. இரைச்சல் மட்டும். பத்து நிமிடம் முன்னால் நிஜமாகவே இந்தக் குழந்தைக்காக ஓடிய முப்பது பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். சோளப்பொரிப் பையில் ஒரு கை போகவில்லை. தாயின் கால் வழுக்கியபோது வரிசை வரிசையாக எல்லோருடைய காலும் தரையை அழுத்தியது. கெஸ்தூர் பேனாவை வாயில் வைத்தவர் எடுக்கவே மறந்துவிட்டார். பதினோராவது நிமிடத்தில் தாய் கரையில் கை ஊன்றியதும் பால்மி எழுந்து நின்றுவிட்டான். அவனைப் பார்த்து இன்னொருவர், அப்புறம் எல்லோரும். நாங்கள் படத்துக்குக் கை தட்டுகிற ஊர் இல்லை. அன்றைக்கு என் கூரைத் தகரம் அதிர்ந்தது. நானும் கை தட்டினேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

கருத்துத் தாள்களை கெஸ்தூர் என் மேசையிலேயே உட்கார்ந்து படித்தார். டயருக்குத் தனியாகப் பின்பக்கம் முழுக்க எழுதியிருந்தார்கள். நான்காவது கேள்வி வந்தது. எந்தக் காட்சி மிக நீளம்? முதல் தாளில் 'இடைவேளை' என்று இருந்தது. இரண்டாவதிலும் இடைவேளை. மூன்றாவதில் இடைவேளை, பக்கத்தில் காப்பியும் மோசம் என்று ஒரு குறிப்பு. வரிசையாக அதையேதான் எழுதியிருந்தார்கள், துரோகிகள். இருபத்தாறு வருடம் காப்பி ஊற்றியதற்கு இதுதான் மரியாதை. ஆனால் ஒரு தாளில்கூட ஆறு என்ற சொல் இல்லை.

கெஸ்தூர் தாள்களைத் தட்டி அடுக்கினார். தோற்றுப்போனதை நேராகவே சொன்னார்: பதினோரு நிமிடமும் அப்படியே இருக்கட்டும், ஒரு நொடி தொட மாட்டேன். ஆல்ஃப்ரூன் சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். பால்மி அவளைத் தூக்கிச் சுற்றப் பார்த்தான், மருந்துக்கடைக்காரி அவனை அதட்டி உட்காரவைத்தாள்.

ரான்வெய்க் உடையின் கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு என் கடைசிக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தாள். கெஸ்தூர் அவள் பக்கத்தில் போய் மரியாதையாக நின்றார். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் என்றார். படத்தில் ஒரு சத்தமும் வரவில்லையே, நிஜத்திலும் அந்த நேரத்தில் ஒரு சொல்கூடவா பேசாமல் இருந்தீர்கள்?

"பேசாமலா? ஆத்துல இறங்குன நிமிஷத்துலேருந்து கரை ஏறுற வரைக்கும் நான் வாய மூடவே இல்ல," என்றாள் ரான்வெய்க். "தண்ணி இரைச்சல்ல இவளுக்குக் கேட்டிருக்காது. படத்துல சரியாத்தான் எடுத்திருக்கா. அந்தத் திருடன்தான் எங்கேருந்து வந்தான்னு தெரியல."

ஆல்ஃப்ரூன் முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

"என்னம்மா சொன்ன?"

கழுவுவதற்கு அங்கே பாத்திரம் இல்லை. ரான்வெய்க் காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"திட்டினேன். வேறென்ன? பூட்ஸ் போட்டுக்கிட்டு வண்டில ஏறுடின்னு காலைலயே சொன்னேன், கேட்டியா? துணிச் செருப்போட வந்து உக்காந்திருந்த. அதத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே வந்தேன். வாய நிறுத்தினா கையும் விட்டுடும்னு பயமா இருந்துச்சு."

ஆல்ஃப்ரூன் சிரித்தாள். சிரிப்பு நடுவில் எங்கோ உடைந்து அழுகையாகி, மறுபடி சிரிப்பாகவே திரும்பி வந்தது. போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ரப்பர் உடை கிறீச்சிட்டது. ரான்வெய்க் மகளின் தோளுக்கு மேலாகக் குனிந்து அவள் காலைப் பார்த்தாள். வெள்ளைத் துணிச் செருப்பு, சாலைச் சேற்றில் முக்கால்வாசி நனைந்திருந்தது.

"இப்பவும் பாரு," என்றாள்.