மாஸ்க் இல்லாத அரை மணி நேரம்

ஊரே மாஸ்க்கைக் கழற்றிக் குப்பையில் போட்ட பிறகும் அமண்டா மட்டும் கழற்றவில்லை. மலேசியாவில், பொந்தியான் ஊரில் அவள் வேலை செய்யும் அலுவலகத்தில், அவள் கண்ணைத் தவிர யாரும் எதையும் பார்த்ததில்லை. கன்னம் முழுக்கப் பரு. அதைக் காட்டுவதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்று கேண்டீன் பக்கமே போகமாட்டாள்.

முக்கியமாக அட்ரியன் பார்த்துவிடக் கூடாது. பக்கத்து மேசைக்காரன், நல்ல பையன். "ஒரு நாள் மீ ரெபுஸ் சாப்பிடப் போலாமா?" என்று அவன் கூப்பிட்டபோது ஆசை இல்லாமலா இருந்தது? மாஸ்க்கோடு அந்தக் குழம்பு நூடுல்ஸை எப்படித் தின்பது? வயிறு சரியில்லை என்று சொல்லித் தப்பித்தாள்.

தோல் டாக்டர் ஜெல்லும் மாத்திரையும் கொடுத்து, "பலன் தெரிய மாசக்கணக்காகும். மாஸ்க் உரசுறதும் நல்லதில்ல" என்றார். பொறுமைதான் அவளிடம் கிடையாதே. கூடவே அக்குபஞ்சரும் செய்துகொள்ளலாமா என்று கேட்டாள்.

"செஞ்சுக்குங்க. கண்டிப்பா கேக்கும்னு நான் சொல்லமாட்டேன். என் மருந்த மட்டும் நிறுத்திடாதீங்க."

சனிக்கிழமை சீன வைத்தியர் லிம் அம்மாளிடம் போனாள். டாக்டர் மருந்து தொடர்கிறதா என்று அவரும்தான் முதலில் கேட்டார். பிறகு மாஸ்க்கைக் காட்டி, "பூக்கா" என்றார், கழற்று என்று மலாயில். வேறு வழியில்லாமல் கழற்றிப் படுத்தாள். கையில், காலில், தாடையோரத்தில் மெல்லிய ஊசிகள் ஏறின. அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு, காற்று வரட்டும் என்று நடுத்திரையையும் தள்ளிவிட்டுப் போனார் அந்தப் புண்ணியவதி.

பக்கத்துக் கட்டிலில் தோள்வலிக்கு ஊசி குத்திக்கொண்டு, முகத்தை இவள் பக்கம் திருப்பிக் குப்புறப் படுத்திருந்தான் அட்ரியன்.

அமண்டாவுக்கு உயிரே போய்விட்டது. மூடிக்கொள்ளலாம் என்றால் கையிலும் ஊசி.

"அமண்டாதானே? கண்ண பாத்துக் கண்டுபிடிச்சேன்."

"பாக்காதீங்க." அவளுக்கு அழுகை முட்டியது.

"திரும்பினா ஊசி குத்தும் லா." கண்ணை மட்டும் மூடிக்கொண்டான். "என்னைப் பிடிக்கலன்னு நெனச்சேன். அன்னிக்கு வரமாட்டேன்னீங்களே."

"வயிறெல்லாம் நல்லாத்தான் இருந்திச்சு. சாப்பிடணும்னா மாஸ்க்கக் கழட்டணும்."

"இப்பதான் கழட்டியாச்சே."

சிரிப்பு வந்தது. தாடை ஊசி சுருக்கென்றது.

மறந்துபோன மாஸ்க்கை எடுத்துக்கொண்டு லிம் அம்மாள் வெளியே ஓடி வந்தபோது, பரு ஒன்றுகூடக் குறையாத முகத்தோடு, எதிர்க் கடையில் அட்ரியனோடு அமண்டா மீ ரெபுஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.