சத்து ஊசி

சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்கும் வேலப்பனுக்கு இடது காலில் ரத்தம் கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கிடத்திச் சரியாக்கி அனுப்பினார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தினம் மாத்திரை, மாதாமாதம் ரத்தச் சோதனை, பாரம் தூக்கக் கூடாது. முதல் இரண்டுக்கும் தலையாட்டினான். மூன்றாவதற்கு ஆட்டினால் அடுப்பு எரியாது. சுமைக்கூலிச் சங்கத்தில் அவனுக்குப் பதிலாக விதுரா ஊர்க்காரன் ஒருவன் ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்தான். ஓணத்துக்குள் வராவிட்டால் மூட்டை தூக்கும் உரிமை அட்டை அவன் பேருக்குப் போய்விடும் என்று செயலாளர் சொல்லிவிட்டார்.

வேலப்பன் ஒரு நாள் போய் அரிசி மூட்டைக்கு முதுகைக் கொடுத்துப் பார்த்தான். பத்தடி போவதற்குள் இறக்கி வைத்துவிட்டான்.

அவன் மனைவி இசக்கிசெல்வியின் தம்பி நெல்லையப்பன் கரமனையில் ஜிம் நடத்துகிறவன். விஷயம் கேட்டதும் சிரித்தான்.

"அத்தான், அந்த மாத்திரை ஒங்க ரத்தத்தைத் தண்ணியாக்குது. தண்ணி ரத்தத்துல பலம் எப்படி நிக்கும்? நம்ம கையில சத்து ஊசி இருக்கு. ரத்தம் ஊறும், சதை ஏறும். அது இளக்கினா இது இறுக்கும். சமனாயிரும் கேட்டேளா."

சூட்டுக்கு மோர், சளிக்குச் சுக்கு என்று எதையும் எதிர்மருந்து வைத்தே சரிக்கட்டிப் பழகிய இசக்கிசெல்விக்கு அது நியாயமாகவே பட்டது. வாரத்துக்கு ஒன்று என்று ஊசி ஏறியது. மூட்டையும் முதுகில் ஏறியது.

"வேலப்பண்ணே, ஆஸ்பத்திரியிலயா கெடந்தே, மாமியா வீட்டு விருந்துலயா?" என்றார்கள் கூட்டாளிகள்.

பிறகு பல் தேய்க்கையில் எச்சில் சிவந்தது. மூட்டை அழுந்திய தோளில் கத்திரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. சோதனைத் தாளைப் பார்த்த டாக்டர் சுசீலாபாய் புருவம் சுருக்கினார்.

"ரத்தம் ரொம்ப இளகிக் கெடக்கு. வேற மருந்து, லேகியம், ஊசி எதாவது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெல்லையப்பன் வேலப்பனின் தொடையை அழுத்தினான். அழுத்தியிருக்கவே வேண்டாம். சொன்னால் ஊசி நிற்கும். ஊசி நின்றால் அட்டை போகும்.

"ஒண்ணும் இல்ல டாக்டரே."

அவர் மாத்திரையைக் குறைத்து எழுதினார். வெளியே வந்ததும் நெல்லையப்பன், "பாத்தேளா? இன்னும் இளகித்தான் கெடக்காம். அப்போ ஊசி பத்தலன்னுதானே அர்த்தம்?" என்றான்.

அந்த வாரம் இரண்டு ஊசி.

சந்தைக் கக்கூஸில் ஒண்ணுக்குப் போனபோது தேயிலைச் சாயம் மாதிரி இறங்கியது. அடுத்த தடவை சாயம்கூட இல்லை, ரத்தமே. வேலப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாத்திரையை விட்டால் காலில் ரத்தம் கட்டும். ஊசியை விட்டால் முதுகு விழும். இரண்டையும் வைத்துக்கொண்டால் இப்படியே ஒழுகித் தீரவேண்டியதுதான். இறக்க வேண்டிய மூட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, நெல்லையப்பனிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தான்.

எல்லாவற்றையும் கேட்ட டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இறுக்கும்னு எவன்டே சொன்னான்? அந்த ஊசி ஸ்டீராய்டு. மாத்திரையோட வேகத்தை ஏத்தித்தான் விடும். ரெண்டும் ஒரே பக்கம் இழுக்குது."

"எம் மச்சினன் டாக்டரே. இனிமே போடல. இன்னைக்கே நிறுத்திடுதேன்."

"போட்டதை என்ன செய்வே? அது எண்ணெய் மருந்து. சதைக்குள்ள இருந்து வாரக்கணக்கா ஊறிக்கிட்டே இருக்கும். பிழிஞ்சு எடுக்க முடியாது. ரத்தப்போக்கை நிறுத்த நான் மருந்து குடுக்கணும். அது கூடிப்போனா உன் கால் மறுபடி கட்டும். நாளும் ரத்தம் எடுத்துப் பாக்கணும். படு."

வேலப்பன் ஊசி ஏறிய இடுப்பைத் தடவிப் பார்த்தான். உள்ளே இருப்பது கைக்குத் தட்டுப்படவில்லை.

மறுநாள் இசக்கிசெல்வி கஞ்சியோடு வந்தாள். நெல்லையப்பன் வார்டு வாசலிலேயே நின்றான்.

"அத்தான், எம் பேரைச் சொன்னேளா?"

"சொல்லிட்டேன்லே. ஒன் ஜிம்முப் பயலுவளுக்கும் போடுதியான்னு டாக்டர் கேட்டாவ. உள்ள வந்து நீயே சொல்லு."

அவன் வரவில்லை. இசக்கிசெல்வி தம்பி பக்கம் திரும்பவேயில்லை.

"சங்கத்துலருந்து ஆள் வந்தானா?" என்று கேட்டான் வேலப்பன்.

"வந்தாவ. அட்டையைக் கேட்டாவ."

"குடுத்தியா?"

"எங்க வச்சேன்னு தெரியலன்னு சொல்லி அனுப்பிட்டேன்." கஞ்சியை ஆற்றினாள். "நாளைக்கும் வருவாவளாம்."

நர்ஸ் ரத்தம் எடுக்க வந்து கையை நீட்டச் சொன்னாள். நீட்டினான்.