தங்கப்பாண்டியின் முதுகு

தங்கப்பாண்டியின் முதுகில் எங்கள் தெரு தேய்த்த எண்ணெயில் கம்பம் ஊர் முழுமைக்கும் ஒரு வாரம் பஜ்ஜி போட்டிருக்கலாம். கூட்டிச் சொல்வதாக நினைக்க வேண்டாம், குறைத்துத்தான் சொல்கிறேன். ஒத்தடம் கொடுத்த தவிட்டைத் தின்றிருந்தால் நாலு மாடு கொழுத்திருக்கும். இதில் விசேஷம் என்னவென்றால், அந்த முதுகில் ஒரு குறையும் கிடையாது.

குறை மனத்தில். திராட்சைக்குக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவர் ஒருநாள் கத்தரியைப் போட்டுவிட்டுப் பந்தலடியில் உட்கார்ந்தார். அதன்பிறகு தூக்கமில்லை, பேச்சில்லை, சோறு இறங்கவில்லை. மனைவி ராமுத்தாய் யாருக்கும் தெரியாமல் தேனிக்குக் கூட்டிப்போய் மனநல மருத்துவரிடம் காட்டினார். மாத்திரை பிடித்தது. மனிதர் குளித்தார், நாலு வார்த்தை பேசினார். ஆனால் அது மகள் பவானிக்கு வரன் பார்க்கிற சமயம். மாப்பிள்ளை வீட்டார் டீக்கடையில் விசாரித்தால் என்ன ஆவது? ஆகவே ராமுத்தாய் தெருவுக்கு ஒரு முதுகுவலியைக் கொடுத்தார்.

"பந்தல் வேலையில அண்ணாந்தே நின்னு அவுகளுக்கு முதுகு புடிச்சுக்கிருச்சு."

பாவம், எங்கள் தெருவை அவர் சரியாக எடை போடவில்லை. முதுகுவலிக்காரரைத் தனியே பஸ் ஏற்றிவிட்டால் எங்களுக்கல்லவா மானக்கேடு? அடுத்தமுறை தேனிக்குக் கிளம்பியபோது பாதித் தெரு துணைக்கு ஏறியது.

"தேனி எதுக்கு மதினி? வழியில பாளையத்துல பிச்சைமணி வைத்தியர் இருக்காகள்ல" என்று பக்கத்து வீட்டு ஒச்சாண்டி உத்தமபாளையத்திலேயே இருவரையும் இறக்கிவிட்டான்.

வைத்தியர் முதுகில் முழங்காலை ஊன்றி ஓர் இழுப்பு இழுத்தார். அந்தச் சத்தத்துக்கு மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தார் இடி என்று நினைத்துக் குடை விரித்திருப்பார்கள்.

அதற்கடுத்த தடவையும் அதே கதை. மாத்திரை தீர்ந்தது. மறுபடி தூக்கம் போனது, பேச்சு போனது. வலி ஏறிவிட்டது என்று முடிவு செய்து நாங்கள் எண்ணெயை மாற்றினோம்.

மூன்றாம் முறை பஸ்ஸில் தங்கப்பாண்டிக்கு ஒரு பக்கம் ஒச்சாண்டி, மறுபக்கம் திராட்சை வியாபாரி உமர் பாருக். பின்சீட்டில் அவர் முதுகுக்கு வைக்கத் தலையணையுடன் நான். ராமுத்தாய் முன்னால் பெண்கள் சீட்டில்.

"பாளையம் எறங்கு!" என்று கண்டக்டர் விசிலடித்தார்.

"எந்திரி மாப்ள. இன்னைக்கு ரெண்டு இழுப்பு. குருவி கணக்கா பறந்துருவ" என்றான் ஒச்சாண்டி.

"நா எறங்கல."

உமர் பாருக் சிரித்தார். "கொமரிப்புள்ளைக்கு அப்பன், ஒரு இழுப்புக்குப் பயந்துக்கிட்டு! வாங்க மச்சான்."

"முதுகு நல்லாத்தான்யா இருக்கு."

"அப்ப எங்க வீட்டு நல்லெண்ணெய எல்லாம் எதுக்குய்யா குடிச்சுச்சு அது?" என்றான் ஒச்சாண்டி.

தங்கப்பாண்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எனக்கு மனசு சரியில்ல ஒச்சாண்டி. தேனியில மனசுக்குப் பாக்குற டாக்டரு மாத்திர குடுத்தாக. தீந்துபோச்சு. போய் வாங்க விட மாட்டேங்கிறீக. இன்னைக்கும் எறக்கிவிட்டா நா உசுரோட வீடு வந்து சேருவனான்னு எனக்கே தெரியல."

 ஒச்சாண்டியின் கை சூடு பட்டதுபோல் விலகியது. இத்தனை நாளாக அந்த உடம்பை அழுத்தித் தேய்த்த கை அது. "எனக்குச் சோலி கெடக்கு" என்று யார் முகத்தையும் பாராமல் இறங்கினான். உமர் பாருக்கும் அவன் பின்னாலேயே இறங்கினார். முன்சீட்டுப் பெண் ஒருத்தி பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. தலையணையைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பஸ் கிளம்பியது. கூட்டமான பஸ்தான். ஆனாலும் தங்கப்பாண்டியின் இருபுறமும் காலியாகவே கிடந்தது.

ராமுத்தாய் முன்சீட்டில் தலையைக் குனிந்துகொண்டார். பவானியின் கல்யாணம் பாளையத்திலேயே இறங்கிப் போய்விட்டது என்று நினைத்திருக்கலாம். பிறகு எழுந்து, ஆடுகிற பஸ்ஸில் கம்பி மாற்றிக் கம்பி பிடித்து வந்து, கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கண்டக்டர் வந்தார். "ஒங்களுக்குப் பாளையத்தோட டிக்கெட்டு முடிஞ்சிருச்சேம்மா."

"தேனி ரெண்டு."

கண்டக்டர் தங்கப்பாண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன பாக்குறீக?" என்றார் ராமுத்தாய், பஸ் முழுக்கக் கேட்கும்படி. "டிக்கெட்டக் குடுத்துட்டு வண்டிய வெரசா விடச் சொல்லுங்க. மனசு டாக்டரு மத்தியானத்தோட கெளம்பிருவாக."