கோவர்த்தனன் காரின் இடது கதவு

வலது தோள்பட்டையில் கிளம்பிய வலி முழங்கை வரை இறங்கி, திரும்பக் கழுத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. சித்தூர் பஸ் பள்ளத்தில் விழும்போதெல்லாம் எத்திராஜ் பல்லைக் கடித்தான். புத்தூரில் மூங்கில் பத்தை வைத்து, பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளையும் குழைத்துப் போட்ட கட்டு எட்டு நாளில் கல்லாக இறுகி, வியர்வையோடு சேர்ந்து நாறியது. பக்கத்து சீட்டுக்காரன் மூக்கை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நாத்தம் தாங்கலன்னா எறங்கி நடந்து வாய்யா" என்றான் எத்திராஜ்.

ஐந்து பேர் உட்காரும் தன் டாக்ஸியில் ஒன்பது பேரை அடைத்துக்கொண்டு, நாராயணவனம் ரோட்டில் கரும்பு வண்டியை முந்தப்போய் வந்த வினை அது. வண்டியின் அச்சுமுனை காரின் இடது கதவைக் கிழித்து, மட்கார்டைப் பிய்த்து எறிந்தது. எத்திராஜின் தோள் வலது கதவில் மோதி இறங்கியது. கேட்டவர்களிடமெல்லாம் வண்டிக்காரன் குடித்திருந்தான் என்று சொன்னான். வண்டிக்காரன் குடிக்கவில்லை. மாடுகளும் குடிக்கவில்லை.

மனுஷ எலும்புக்குப் புத்தூரில் இரண்டு ரூபாயும் நாலு முட்டையும் போதும். முப்பத்தெட்டாம் வருஷத்து செவர்லேவுக்கு அப்படி வைத்தியன் எவனும் இல்லை. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தகர வேலை பார்க்கும் தேவானந்தம், பிய்ந்த மட்கார்டை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்தான்.

"இத்த நிமுத்த முடியாதுண்ணா. தகடு எங்க கீது? துருதான் கீது. சுத்தி பட்டா அப்பளம் மாதிரி நொறுங்கும். கதவும் அதே கதிதான். வேற பாத்து வாங்கிக்கினு வா."

"இன்னா ஆவும்?"

"ஞாயமா பாத்தா ரெண்டும் சேத்து எழுவது ரூபா. அதுக்கு மேல குடுத்தின்னா நீ மடையன். கம்மியா கெடச்சா எவனையோ ஏமாத்திட்டு வந்தேன்னு அர்த்தம்."

அது அறுபதாம் வருஷம். மார்ச் இருபத்தைந்தாம் தேதி பிரேக் இன்ஸ்பெக்டர் காரைப் பார்க்க வேண்டும். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் பர்மிட் போய்விடும். பர்மிட் போனால் எத்திராஜ் மறுபடி விஜயபுரத்தில் ஊரான் வேர்க்கடலைக் கொல்லையில் கூலிக்குக் குனிய வேண்டும். இருபது வயது வரை குனிந்தவன். அந்த முதுகு வலியோடு ஒப்பிட்டால் இந்தத் தோள் வலி வெறும் கொசுக்கடி. மடியில் எண்பது ரூபாய் வைத்துக்கொண்டு சித்தூரில் இறங்கினான்.

பழைய மோட்டார் சாமான் விற்கும் வேதாச்சலத்தின் கடையில் ஹெட்லைட்டுகள் சரம் சரமாகத் தொங்கின. நெற்றியில் சந்தனமும் வாயில் வெற்றிலையுமாக உட்கார்ந்திருந்த வேதாச்சலம், எத்திராஜை உட்காரச் சொல்லவில்லை. அவன் கடையில் பணம் கொடுத்தவன்தான் உட்காரலாம்.

"செவர்லே முப்பத்தெட்டா? கதவு கீது, மட்கார்டும் கீது. ரெண்டும் இருநூத்திப் பத்து."

"இன்னா மொதலாளி, கதவுக்கு வெல கேட்டா காருக்கு சொல்றீங்க?"

"உன் காரயா? அத்த எட போட்டா பேரீச்சம்பழம் குடுப்பான். அதுவும் கொட்ட எடுக்காததுதான் குடுப்பான்." தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டான். "ஏப்ரல் ஒண்ணாந்தேதி எல்லை மாறுதுய்யா. திருத்தணி மெட்ராஸுக்குப் போவுது. இனிமே மெட்ராஸ் சரக்கு வேற ராஜ்யத்துலேர்ந்து வரணும். வெல ஏறாதா?"

"ஏழு வருசமாவே மெட்ராஸு வேற ராஜ்யந்தான மொதலாளி?"

"இப்ப இன்னும் வேற." வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தக்குவ லேதய்யா" என்றான். விலை குறையாது என்பதைத் தெலுங்கில் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

எல்லைக் கலவரம் நடந்த நாளில் ஒரு கட்சிக்குக் கறுப்புத் துணியும் இன்னொரு கட்சிக்குத் தார் டப்பாவும் விற்றவன் இந்த வேதாச்சலம். எத்திராஜ் அவனைக் கேவலமாகத்தான் நினைத்தான். ஆனால் எத்திராஜே அந்த நாளில் காரின் வலது கதவில் தமிழிலும் இடது கதவில் தெலுங்கிலும் ஊர்ப்பேரை எழுதி வைத்து, கூட்டம் எந்தப் பாஷையில் கத்துகிறதோ அந்தப் பக்கத்தைக் காட்டி நிறுத்தியவன். அதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொண்டான்.

"சரக்க கண்ல காட்டுங்க" என்றான்.

"இங்க இல்ல. திருச்சானூர்ல லாட்ஜு பின்னாடி ஒரு வண்டி முழுசா நிக்குது. அதும் நம்ம சரக்கு மாதிரிதான். காசக் கட்டு, நாலு நாள்ல வரும்."

அந்த 'மாதிரி' எத்திராஜின் காதில் நன்றாக விழுந்தது. வாங்காத சரக்கை விற்கிறான். கும்பிடு போட்டுவிட்டு நேராகத் திருப்பதி பஸ் ஏறினான்.

திருச்சானூரில் லாட்ஜைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. அதன் பின்சந்தில், புளியமரத்தடியில் அதே செவர்லே நின்றது. சக்கரம் நாலும் மண்ணில் புதைந்திருந்தன, பின்சீட்டில் கோழி அடைகாத்தது. ஆனால் தகடு மட்டும் தேங்காய்ச் சில் போலக் கெட்டியாக இருந்தது. இடது கதவில் 'கோவர்த்தனன் டாக்ஸி' என்று வெள்ளை எழுத்து. காருக்கு எதிரே ஒற்றை அறை வாசலில் ஒருத்தி சாப்பாட்டு இலை தைத்துக்கொண்டிருந்தாள். கோவர்த்தனனின் மனைவி சுலோசனா அவள். புருஷன் மஞ்சக்காமாலையில் போய் இரண்டு வருஷம் ஆயிற்று.

"சித்தூரு வேதாச்சலம் அனுப்சானா?" என்றாள் தலை நிமிராமலே.

"இல்லக்கா. நானும் டாக்ஸிக்காரன்தான். புத்தூரு."

"அவன் அனுப்சிருந்தா கோழிப் பீய வாரி அடிச்சிருப்பேன். முழு வண்டிக்கும் நூறு ரூபா குடுக்கறானாம். மூணு வாட்டி வந்துட்டான்." ஈர்க்குச்சியைக் கிள்ளி இலையில் குத்தினாள். "உனுக்கு இன்னா ஓணும்?"

சொன்னான். அவள் அவனையும் அவன் தோளின் கட்டையும் பார்த்தாள்.

"முப்பது ரூபா குடு. அப்புறம் எனுக்கு ஒரு சவாரி. திருத்தணில என் தம்பி கீறான். இந்த ரூம்ப இடிச்சி லாட்ஜுக்கு சமையல்கட்டு கட்றாங்களாம், உகாதி முடிஞ்ச கையோட காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ரெண்டு டிரங்குப் பொட்டி, ஆட்டுக்கல்லு, நானு. ஆட்டுக்கல்ல பஸ்ல ஏத்தமாட்டேன்றான். லாரிக்காரன் நாப்பது கேக்கறான்."

முப்பதும் நாற்பதும் எழுபது. தேவானந்தம் சொன்ன நியாய விலை பைசா பிசகாமல் அவள் வாயில் வந்தது. எத்திராஜுக்கோ, கேட்டிருந்தால் எண்பதும் கொடுத்திருப்போமே, பைத்தியக்காரி முப்பதில் நின்றுவிட்டாளே என்றுதான் ஓடியது.

"உகாதி முடிஞ்ச புதன்கிழம காலைல ஒம்பது மணிக்கு உன் வாசல்ல நிப்பேங்க்கா."

"ஸ்டியரிங்க தொட்டு சொல்லு."

அவளுக்கு அது போதும். கோவர்த்தனன் பொய் சொல்கிறவன்தான், குடிக்கிறவன்தான். ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டுச் சொன்னால் மட்டும் சொன்னதுதான். உலகத்து டிரைவர்கள் எல்லோரும் அப்படித்தான் என்று அவள் நினைத்திருந்தாள். எத்திராஜ் கோழியை விரட்டிவிட்டு உள்ளே குனிந்து, புழுதி படிந்த ஸ்டியரிங்கின் மேல் இடது கையை வைத்தான்.

"சோத்துக் கை?"

"கட்டு போட்டுக் கீதேக்கா."

"சரி வுடு. கை எதுவானா இன்னா, வாய் ஒண்ணுதான."

ஒற்றைக் கையால் அவனால் ஒரு போல்ட்டைக்கூட அசைக்க முடியவில்லை. அவளே உள்ளே போய்ப் புருஷனின் ஸ்பேனர் பையை எடுத்து வந்தாள். கீல் போல்ட்டுக்கு விளக்கெண்ணெய் விட்டு, ஊறவிட்டு, காலைச் சக்கரத்தில் முட்டுக்கொடுத்துத் திருப்பினாள். கதவையும் மட்கார்டையும் ஒவ்வொன்றாகத் தலையில் வைத்து பஸ் வரைக்கும் சுமந்து வந்தவளும் அவள்தான். எத்திராஜ் பின்னால் நடந்து வந்து, "பாத்துக்கா, கீறல் படப்போவுது" என்றான்.

கதவைப் பொருத்தும்போது தேவானந்தம் விலை கேட்டான்.

"முப்பது ரூபா, ஒரு சவாரி."

"சவாரி முடிஞ்சிதா?"

"போவணும்."

"அப்ப கதவு இன்னும் உன்னுது இல்ல" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்தான் தேவானந்தம்.

கோவர்த்தனன் பேரின் மேல் பெயின்ட் ஏறி, அதன் மேல் தெலுங்கில் 'புத்தூரு – திருப்பதி' ஏறியது. இருபத்துநாலாம் தேதி தோள்கட்டு அவிழ்ந்தது. மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் கதவை நாலு தரம் திறந்து அறைந்தார், மட்கார்டைக் காலால் உதைத்தார். "இந்தப் பக்கம் மட்டும்தான்யா காரு மாதிரி இருக்குது" என்று கையெழுத்துப் போட்டார். பர்மிட் தப்பியது. எத்திராஜ் அன்று இரண்டு வேளை பிரியாணி தின்றான்.

புதன்கிழமை காலையில் திருச்சானூருக்குப் போகத்தான் கிளம்பினான். அந்த அளவுக்கு யோக்கியன்தான். ஆனால் புத்தூர் ஸ்டேஷன் வாசலில் மொட்டை போட வந்த பட்டணத்துக் குடும்பம் ஒன்று, நாள் முழுக்க இருக்கிறாயா, முப்பத்தைந்து ரூபாய் என்றது. யோக்கியம் அங்கேயே இறங்கிக்கொண்டது.

மலையில் மொட்டை அடித்துக்கொண்டு இறங்கிய குடும்பம், தாயாரையும் சேவிக்க வேண்டும் என்றது. மத்தியானம் மூன்று மணிக்குக் கார் திருச்சானூருக்குள் நுழைந்தது. லாட்ஜ் சந்தின் முனையில், வெயிலில், டிரங்குப் பெட்டி மேல் சுலோசனா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னொரு பெட்டி, ஆட்டுக்கல், சாக்கில் கட்டிய குழவி. ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருக்க வேண்டும். எத்திராஜ் காரை ஒரு சுற்றுச் சுற்றி, பழைய வலது கதவு சந்தைப் பார்க்கும்படி நிறுத்தினான். கலவர காலத்துப் பழக்கம். சீட்டில் சரிந்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டான்.

அவள் வலது பக்கமாக வரவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு இடது கதவண்டை வந்து நின்றாள். புதுப் பெயின்டின் மேல் விரலை ஓட்டினாள். அடியில் இருந்த எழுத்தின் மேடு விரலுக்குத் தெரிந்திருக்கும்.

"பார்ட்டி வந்துட்டாங்களா?"

எத்திராஜ் துண்டை எடுத்தான். "ஆமாக்கா. திடீர்னு மாட்டிக்கிச்சி. நாளைக்கி நிச்சியமா."

"நேத்தே சாவிய வாங்கிக்கினாங்க. ராத்திரி கார்லதான் படுத்தேன். கதவு இல்லாத பக்கம் நாய் ஏறுது."

"நாளைக்கி காலைல, ஒம்பது மணி."

"நாளைக்கி வியாழக்கெழம. வெள்ளிக்கெழமைலேர்ந்து திருத்தணி வேற ராஜ்யமாமே?"

"ராஜ்யம் மாறினா ரோடு மாறுமாக்கா? நான் கீறேன் இல்ல?"

அவள் திரும்பிப் போய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். முட்டியில் தாடையை வைத்து அவன் காரையே பார்த்தாள். எத்திராஜுக்குக் கோபம் வந்தது. கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாளே, ஊரில் வேறு காரே இல்லையா என்று முனகினான்.

வியாழக்கிழமை ரேணிகுண்டாவிலிருந்து நாலு சவாரி கிடைத்தது. நாலையும் ஓட்டினான். ராத்திரி படுக்கும்போது, சத்தியம் செய்தது பீச்சாங்கையால்தானே, பீச்சாங்கையால் கொடுத்ததை எவன் வாங்குவான், அவள் வாங்கியது அவள் புத்தி என்று ஒரு நியாயம் கண்டுபிடித்தான். அதில் அவனுக்கே முழு நம்பிக்கை வரவில்லை. வெள்ளிக்கிழமை அரசாங்கமே அதைவிட நல்ல நியாயமாக ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தது. திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போயிற்று. எத்திராஜின் பர்மிட் ஆந்திராவோடு நின்றது. அந்தப் பக்கம் போக வேண்டுமானால் தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டும், பணம் கட்ட வேண்டும்.

"நான் இன்னாய்யா பண்றது? சட்டம்" என்றான் தேவானந்தத்திடம்.

"புதன்கெழம அந்தச் சட்டம் இருந்திச்சா?"

"புதன்கெழம பார்ட்டி இருந்திச்சி."

"வேதாச்சலம் இருநூத்திப் பத்து கேட்டான்னு ஊரெல்லாம் திட்டிக்கினு திரிஞ்சியே. அவன் மொகத்துக்கு நேரா கேட்டான். நீ அக்கான்னு கூப்டு கழுத்த அறுத்துட்ட" என்றான் தேவானந்தம். அதற்குப் பிறகு எத்திராஜின் காரில் அவன் கை வைக்கவில்லை. எத்திராஜ் ரேணிகுண்டாவில் வேறு தகரக்காரனைப் பிடித்துக்கொண்டான். அவன் கேள்வி கேட்கிறவன் இல்லை, வேலையும் தெரிந்தவன் இல்லை.

சுலோசனா ஏப்ரல் நாலாம் தேதி இரண்டு பெட்டியோடு பஸ்ஸில் போய்ச் சேர்ந்தாள். போகிற அவசரத்தில் காரின் மிச்சத்தை வேதாச்சலத்துக்கே விற்றாள். கதவும் மட்கார்டும் இல்லாத வண்டி என்று சொல்லி, நூறிலிருந்து அறுபதுக்கு இறக்கினான் அவன். ஆட்டுக்கல்லை லாட்ஜ் சுவரோரம் விட்டுப் போனாள். புதுச் சமையல்கட்டில் அதில்தான் இட்லிக்கு அரைக்கிறார்கள். சவாரிக்காக அங்கே நிற்கும்போது எத்திராஜும் சில நாள் அந்த இட்லியைத் தின்கிறான், நன்றாக இருக்கிறது என்றும் சொல்கிறான்.

எத்திராஜ் சுலோசனாவுக்குத் தர வேண்டியது, திருச்சானூரிலிருந்து திருத்தணிக்கு ஒரு சவாரி. இன்னும் தரவில்லை.